ஊதியம் நின்றபின் படை: ஒரு புதினமும் ஒரு பழஞ்சான்றும்

அரசு சிதைந்தபின் படைவீரன் யாருக்குக் கட்டுப்பட்டவன்? பேரழிவுக்குப் பிந்தைய உலகைப் புனையும் அறிவியல் புதினங்கள் எழுப்பும் வினா இது. அமெரிக்க எழுத்தாளர் பேட் ஃபிராங்க் 1959இல் வெளியிட்ட ‘அலாஸ், பாபிலோன்’ தரும் விடையை, உரோமப் பேரரசின் எல்லைப்புறச் சான்றொன்றுடன் ஒப்பிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அணுகுண்டுப் போரால் துண்டிக்கப்பட்ட ஃபுளோரிடாச் சிற்றூரே புதினத்தின் களம். அங்கே பணம் மதிப்பிழக்கிறது; பண்டமாற்று தலையெடுக்கிறது; வழிப்பறிக் கும்பல் கொலை புரிகிறது. கொரியப் போரில் பங்குகொண்ட சேமப்படை அதிகாரியான ராண்டி பிராக், வானொலி வழி வந்த அரசாணையை ஆதாரமாகக் கொண்டு ஊராரைப் படையாகத் திரட்டுகிறார். பிடிபட்ட கொள்ளையன் தூக்கிலிடப்படுகிறான். பணம் மறைந்தாலும் ஆணை மறையவில்லை என்பதே ஆசிரியர் துணிபு எனலாம்.

வரலாறு காட்டும் நிலை வேறு. டான்யூப் ஆற்றங்கரையிலிருந்த நோரிக்கம் மாநிலத்தின் இறுதிக் காலத்தை, துறவி செவெரினுஸின் வரலாறாக யூகிப்பியுஸ் 511இல் எழுதினார். எல்லை காத்த வீரர்கள் பொதுப்பணத்தால் பேணப்பட்டனர் என்றும், அவ்வழக்கம் நின்றதும் படைப்பிரிவுகள் கலைந்தன என்றும் அவர் குறிக்கிறார். இன்றைய பாஸாவ் நகரான பட்டாவிஸில் மட்டும் ஒரு பிரிவு நீடித்தது. அதன் வீரருட் சிலர், தோழர்களுக்குரிய கடைசி ஊதியத்தைப் பெற்றுவர இத்தாலிக்குப் புறப்பட்டனர், வழியிலேயே கொல்லப்பட்டனர். அவர்தம் உடல்களை ஆறு கரைசேர்த்த பின்னரே செய்தி ஊருக்கு எட்டியது.

ஃபவியானிஸ் நகரிலும் கொள்ளையரை எதிர்க்கச் சில வீரரே எஞ்சியிருந்தனர். போதிய படைக்கலமும் இல்லை. துறவியின் சொல்லை நம்பியே அவர்தம் தலைவர் மமெர்டினுஸ் புறப்பட்டார். பிடிபட்டோர்க்குத் துறவி உணவளித்து விடுவித்தார். புதினத்தின் தூக்குமரத்திற்கு நேர்மாறான முடிவு இது.

யூகிப்பியுஸின் நூல் அருட்செயல்களைப் போற்றும் அடியார் வரலாறு. துறவியின் இரக்கத்தை அது மிகுத்துக் கூறியிருக்கலாம். ஆயினும், ஊதியம் நின்ற செய்தி துறவியின் பெருமைக்கு வேண்டுவதன்று. போகிற போக்கில் கூறப்படுவது. ஆதலின் அது நம்பத்தக்கது. கற்பனையில் வானொலிக் குரல் செய்ததை, நோரிக்கத்தில் காசு செய்துவந்தது. அவ்வீரர்க்கு ஊதியம் கூலி மட்டுமன்று. உரோம் இன்னும் உள்ளது என்பதற்குச் சான்றுமாகும்.

476இல் மேற்கு உரோமின் ஆட்சி முடிவுற்றது. 488இல் ஒடோவாக்கரின் ஆணைப்படி நோரிக்கத்து உரோமக் குடிகள் இத்தாலிக்குப் பெயர்ந்தனர். ஃபிராங்கின் கதைமுடிவில் அரசு வானூர்தியில் திரும்பி வருகிறது. பட்டாவிஸுக்குத் திரும்பி வந்தவை பிணங்களே. அரசின் அழிவை எல்லைக்காவலன் அறிவது போர்க்களத்தில் அன்று, வந்துசேராத ஊதியத்தில் என்பதே இவ்வொப்பீட்டால் பெறப்படும் முடிபாகும்.