மெலுஹா: பிறர் எழுதிவைத்த பெயர்

ஹரப்பா, மொகஞ்சதாரோ என்பவை மண்மேடுகளுக்குப் பிற்காலத்தார் இட்ட பெயர்கள். சிந்துவெளி என்பது ஆய்வாளர் வழக்கு. அந்த நகரங்களைக் கட்டியவர்கள் தம் நாட்டை எப்படி அழைத்தார்களோ தெரியாது; அவர்களுடைய முத்திரைகளை இன்னும் யாரும் ஐயமறப் படித்துக் காட்டவில்லை. அவர்களோடு வணிகம் செய்த மெசபொத்தேமியரின் ஆப்பெழுத்தோ படிக்கக் கிடைக்கிறது. அதில் வரும் 'மெலுஹா' சிந்துவெளியையே குறிக்கிறது என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு.

கி.மு. 2300ஐ ஒட்டி ஆண்ட அக்காத் மன்னன் சார்கோன், மெலுஹா, மகான், தில்முன் நாட்டுக் கப்பல்கள் தன் தலைநகரத் துறையில் நிற்பதாகப் பெருமை பேசுகிறான். மகான் ஓமான் பக்கம், தில்முன் பஹ்ரைன். லகாஷை ஆண்ட குதேயா, மெலுஹாவிலிருந்து சூதுபவளம் வந்ததைச் சொல்கிறான். சிந்துவெளியின் சான்ஹுதாரோவில் சூதுபவள மணிப் பட்டறையே அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் அக்காத் காலத்து உருளை முத்திரை ஒன்று உள்ளது. அமர்ந்திருக்கும் ஒருவர் மடியில் சிறிய உருவம். எதிரே ஆட்டைத் தூக்கிவரும் ஆள். எழுத்து, முத்திரைக்குரியவர் பெயரையும் தொழிலையும் சொல்கிறது: ஷு-இலிஷு, மெலுஹா மொழித் துபாஷி. துபாஷி வைக்கவேண்டிய அளவுக்கு அது அங்கே வேற்றுமொழி.

எந்த மொழி? பின்லாந்து அறிஞர் அஸ்கோ பார்ப்போலா மெலுஹா என்ற சொல்லை 'மேல் + அகம்' என்று திராவிடமாகப் பிரிக்கிறார். மேட்டுநாடு என்று பொருள். வடமொழி 'மிலேச்ச'வையும் இதனோடு இணைக்கிறார். 'அகம்' என்பதன் ககரம் நம் வாயில் ஹகரமாக மெலிவதால் நமக்கு இது சட்டென்று பிடித்துப்போகும். ஆனால் இன்றைய உச்சரிப்பு நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒலிக்குச் சாட்சியாகாது. 'லு'வில் நிற்கும் உகரத்துக்கும் விளக்கம் வேண்டும். வேற்றார் காதில் விழுந்து, வேற்றார் எழுத்தில் ஏறிய பெயர் இது.

பொருளும் நிலையாக நிற்கவில்லை. சிந்து நகரங்கள் சரிந்து ஆயிரம் ஆண்டுக்கும் மேலான பின், கி.மு. 7ஆம் நூற்றாண்டு அசீரிய மன்னன் அசுர்பனிபாலின் பொறிப்புகளில் மகான் எகிப்தாகவும் மெலுஹா நூபியாவாகவும் மாறிவிட்டன. அதனால் எந்தக் காலத்து மெலுஹா என்று முதலில் கேட்டாக வேண்டும்.

1822இல் எகிப்திய எழுத்தைப் படித்த ஷம்போலியோனுக்கு, இருமொழிப் பொறிப்புகளில் வந்த தாலமி, கிளியோபாத்ரா என்ற பெயர்களே வழி திறந்தன. சிந்து எழுத்துக்கும் அப்படியொரு இருமொழிப் பொறிப்பு வேண்டும். இரண்டு மொழியும் அறிந்த ஷு-இலிஷு போன்றோர் வாழ்ந்த மெசபொத்தேமிய மண்ணில் அதைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. கிடைக்கும்வரை மேலகத்தை ஊகம் என்ற அளவிலேயே வைத்துக்கொள்வது நல்லது.