எரிபொருள் பாசி வகைத் தேர்வு

எரிபொருள் பாசி வகைத் தேர்வு என்பது உயிரி டீசல் முதலிய எரிபொருள்களுக்காகப் பெருமளவில் வளர்க்கத் தக்க நுண்பாசிகளைத் தனிமைப்படுத்தி, ஒப்பிட்டு, தெரிவு செய்யும் பணி ஆகும். ஒரே இனத்தைச் சேர்ந்த பாசிகளும் அவை எடுக்கப்பட்ட நீர்நிலையைப் பொறுத்து வளரும் வேகத்திலும் எண்ணெய் அளவிலும் வேறுபடுகின்றன. அவ்வாறு தனித்தெடுத்துப் பேணப்படும் ஒவ்வொரு மரபுவழியும் ஒரு வகை எனப்படுகிறது.

எண்ணெய் விழுக்காடும் விளைச்சலும்

பாசி எரிபொருள் பற்றிய செய்திகளில் எண்ணெய் விழுக்காடே பெரிதாகப் பேசப்படுகிறது. ஆனால் கணக்கில் கொள்ள வேண்டியது ஒரு சதுர மீட்டர் குளப்பரப்பில் நாளொன்றுக்குக் கிடைக்கும் எண்ணெயின் அளவாகும். எடுத்துக்காட்டாக, உலர் எடையில் 50% எண்ணெய் கொண்ட ஒரு பாசி நாளொன்றுக்கு 5 கிராம் மட்டுமே வளருமாயின் 2.5 கிராம் எண்ணெய் கிடைக்கும். 20% மட்டுமே எண்ணெய் கொண்ட மற்றொன்று 20 கிராம் வளருமாயின் 4 கிராம் கிடைக்கும்.

போட்ரியோகாக்கஸ் பிரௌனி என்னும் பச்சைப்பாசி இதற்குத் தக்க சான்று. இது பெட்ரோலியத்தை ஒத்த ஹைட்ரோகார்பன்களை உண்டாக்குகிறது. சில வகைகளில் இவை உலர் எடையில் பாதிக்கும் மேலாக அமைவதுண்டு. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்திய நன்னீர்நிலைகளிலிருந்து இப்பாசியைத் தனிமைப்படுத்தி 2007இல் விவரித்தனர். எனினும் இது இரட்டிப்பாகப் பல நாட்கள் பிடிக்கும். குளோரெல்லா ஒரு நாளுக்குள்ளேயே இரட்டிப்பாக வல்லது. மெதுவாக வளரும் பாசியைத் திறந்த குளத்தில் பிற பாசிகள் எளிதில் முந்திவிடுகின்றன.

நைட்ரஜன் ஊட்டத்தைக் குறைத்தால் பல பச்சைப்பாசிகள் எண்ணெயைச் சேமிக்கின்றன. ஆனால் அந்நிலையில் வளர்ச்சி நின்றுபோவதால், விழுக்காடு உயர்ந்தும் மொத்த விளைச்சல் உயர்வதில்லை. ஆய்வகக் குடுவையில் பட்டினியிட்டுப் பெற்ற எண்ணைக் குளத்திற்குரிய எண்ணாகக் காட்டும் விளம்பரங்களை எச்சரிக்கையுடன் படித்தல் நலம்.

ரோஸ்வெல் குளங்கள்

அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை நடத்திய நீர்வாழ் இனங்கள் திட்டத்தில் 3,000க்கும் மேற்பட்ட பாசி வகைகள் திரட்டப்பட்டன. அவற்றிலிருந்து சுமார் 300 தேர்ந்தெடுக்கப்பட்டன. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ரோஸ்வெல் நகரில் தலா 1,000 சதுர மீட்டர் பரப்புடைய குளங்களில் களச் சோதனை நடைபெற்றது. சில நாட்களில் சதுர மீட்டருக்கு 50 கிராம் வரை விளைச்சல் கிடைத்தது. ஆனால் குளிர் மிகுந்ததால் அது நிலைக்கவில்லை. மேலும், ஆய்வகத்தில் தேர்ந்தெடுத்து விடப்பட்ட வகைகளை வெல்லும் உள்ளூர்ப் பாசிகள் தாமாகவே குளங்களில் குடியேறின. குளம் அமையும் இடத்தின் பாசிகளிலிருந்தே தேர்வைத் தொடங்க வேண்டும் என்னும் கருத்து இதன்பின் வலுப்பெற்றது.

இராணிப்பேட்டை

ஜவ்வாது மலைக்கு வடகிழக்கே பாலாற்றங்கரையில் அமைந்த இராணிப்பேட்டையில், கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் பிரித்தெடுக்கும் ஸ்நாப் நிறுவனத்தில் 2006இல் கழிவுநீரைப் பாசி கொண்டு தூய்மைப்படுத்தும் நிலையம் நிறுவப்பட்டது. சென்னையைச் சேர்ந்த பாசியியலாளர் வி. சிவசுப்பிரமணியன் குழுவினர் இதனை வடிவமைத்தனர். அக்கழிவுநீர் அமிலத்தன்மை மிக்கது. அதில் தாக்குப்பிடித்து வளர்ந்து அமிலத்தைக் குறைக்கவல்ல குரூகாக்கஸ் டர்ஜிடஸ் என்னும் நீலப்பச்சைப்பாசி தேர்ந்தெடுக்கப்பட்டது.

இது எரிபொருள் திட்டமன்று. எரிபொருள் நோக்கில் பார்த்தால் இத்தேர்வு தலைகீழானதும்கூட. பொதுவாக நீலப்பச்சைப்பாசிகள் பச்சைப்பாசிகளைப் போல எண்ணெயைத் திரட்டி வைப்பதில்லை. ஆயினும் வட தமிழகத்தின் வெயிலில், திறந்தவெளியில், தொழிற்சாலை அளவில் ஒரு பாசி நிலைப்பதற்கு எது முதலில் வேண்டும் என்பதை இது காட்டுகிறது. இப்பகுதியில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும். மலைமேல் 700 மீட்டர் உயரத்திலுள்ள ஏரிகளின் பாசியைச் சமவெளிக் குளத்தில் விடுமுன் அவ்வெப்பத்தில் சோதித்தல் இன்றியமையாதது.

சோதனை முறைகள்

திரட்டிய நீரிலிருந்து நுண்குழாய் கொண்டோ அகார் தட்டில் கோடிட்டோ ஒற்றை உயிரணுக்கள் பிரிக்கப்படுகின்றன. நைல் சிவப்பு என்னும் சாயத்தை ஏற்றினால் எண்ணெய்த் துளிகள் ஒளிர்நுண்ணோக்கியில் பொன்மஞ்சளாக ஒளிரும். நூற்றுக்கணக்கான வகைகளை விரைவில் வடிகட்ட இது உதவுகிறது. எஞ்சியவற்றின் கொழுப்பு அமிலங்கள் பின்னர் பகுத்தறியப்படுகின்றன. ஐரோப்பியத் தரம் ஈ.என். 14214 உயிரி டீசலில் லினோலெனிக் அமிலத்தை 12%க்குள் வரையறுக்கிறது. அது மிகுந்தால் எரிபொருள் விரைவில் ஆக்சிசனேற்றமடைந்து கெட்டுவிடும்.

அறுவடை பலராலும் இறுதியில் எண்ணப்படுவது. முதலிலேயே எண்ணப்பட வேண்டியது. திறந்த குளத்தின் 1,000 லிட்டர் நீரில் பெரும்பாலும் ஒரு கிலோகிராமுக்கும் குறைவான உலர்பாசியே இருக்கும். சுருள்பாசியைத் துணியில் வடிகட்டலாம். ஆனால் அதில் புரதமே மிகுதி, எண்ணெய் சொற்பம். எண்ணெய் மிக்க நானோகுளோரோப்சிஸ் சில மைக்ரோமீட்டர் அளவே உடையதாதலால் மையவிலக்கிப் பொறி தேவைப்படுகிறது. அதற்குச் செலவாகும் மின்சாரம் எரிபொருளின் ஆற்றலில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது.

மரபணு மாற்றம்

எக்சான்மொபில் நிறுவனமும் சிந்தெடிக் ஜீனோமிக்ஸ் நிறுவனமும் 2009இல் கூட்டாய்வைத் தொடங்கின. நானோகுளோரோப்சிஸ் காடிடானாவின் மரபணு ஒன்றைக் கட்டுப்படுத்தி, வளர்ச்சி பெரிதும் குன்றாமலே எண்ணெயை 20%இலிருந்து 40%க்கு மேல் உயர்த்தியதாக 2017இல் அறிவித்தன. எனினும் எக்சான்மொபில் பாசி ஆய்வுக்கான நிதியை நிறுத்திய செய்தி 2023இல் வெளியாயிற்று.