செந்தேளுக்குத் தமிழன் பேரு வந்த கதை

எங்க பக்கம் தேளுன்னா ரெண்டே சாதி. ஒண்ணு செந்தேள், இன்னொண்ணு கருந்தேள். கருந்தேள்லயே கை நீளத்துக்கு, நண்டு மாதிரி இடுக்கியோட இருந்தா நட்டுவாக்காலி. முந்திரிக் கொல்லையில சருகு கூட்டுறப்பவும், பழைய செங்கல்லு கிடக்குற மேட்டைக் கொத்துறப்பவும் ரெண்டும் தட்டுப்படும். இந்தச் சின்ன செந்தேளுக்கு உலக அறிவியல் புத்தகத்துல தமிழன் பேருதான் இருக்குங்கிறது நம்ம ஊர்ல நிறைய பேருக்குத் தெரியாது.

1758-ல ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் உயிரினங்களுக்கெல்லாம் ரெட்டைப் பேர் வச்சப்போ, தேளையும் பூச்சிக் கணக்குலயே சேர்த்து எல்லாத்துக்கும் ஸ்கார்ப்பியோன்னு ஒரே குடும்பப் பேர் கொடுத்தார். எட்டுக் கால் உள்ள தேள், சிலந்திக்குத்தான் சொந்தம்னு பிரிச்சது பிற்பாடு.

அவர்கிட்டப் படிச்ச டென்மார்க்காரர் ஃபாப்ரிசியஸ் 1798-ல நம்ம செந்தேளுக்கு ஸ்கார்ப்பியோ தமுலஸ்னு பேர் வச்சார். தமுலஸ்னா லத்தீன்ல தமிழ்னு அர்த்தம். நமக்குக் கிழக்கே இருக்குற தரங்கம்பாடி 1620-லேருந்து 1845 வரைக்கும் டேனிஷ்காரங்க கையில இருந்துச்சு. அங்க இருந்த சீகன்பால்க் 1716-ல வெளியிட்ட தமிழ் இலக்கணத்துலயும் தமிழை தமுலிகான்னுதான் லத்தீன்ல எழுதினார். ஐரோப்பாக்காரங்களுக்கு நம்ம பேர் அப்படித்தான் பழகியிருந்துச்சு.

அதுக்கப்புறம் குடும்பப் பேர் மாறிக்கிட்டே வந்துச்சு. 1900-ல போகாக் எழுதின இந்தியத் தேள் புத்தகத்துல பூத்தஸ். பிறகு மீசோபூத்தஸ். 2007-லேருந்து ஹாட்டென்டாட்டா. நட்டுவாக்காலி கூட்டத்தையும் 2020-ல பிரிச்சுப் பல குடும்பமாக்கிட்டாங்க. இத்தனை மாறியும் தமுலஸ்ங்கிற பின்பேர் மட்டும் அப்படியே நிக்குது.

ஏன் இப்படி மாத்துறாங்க? நிறத்தை நம்ப முடியாதுங்கிறதுதான் முதல் காரணம். செந்தேள் ஆரஞ்சு நிறத்துலயும் இருக்கும், மங்கின பழுப்பாவும் இருக்கும். தோலுரிச்ச புதுசுல எந்தத் தேளும் வெளிறித்தான் இருக்கும். ஆண், பெண்ணுக்கும் உருவம் வேறுபடும். அதனால ஆராய்ச்சிக்காரங்க தேளைப் புரட்டிப் போட்டு அடி வயிறைப் பார்ப்பாங்க. அங்க சீப்பு மாதிரி ரெண்டு உறுப்பு இருக்கும், அதுல எத்தனை பல்லுன்னு எண்ணுவாங்க. நெஞ்சு ஓடு முக்கோணமா, ஐங்கோணமான்னு பார்ப்பாங்க. செந்தேள் கூட்டத்துக்கு அது முக்கோணம்.

நமக்கு அவ்வளவு வேண்டாம். இடுக்கியும் வாலும் போதும். இடுக்கி குச்சி மாதிரி ஒல்லியா, வால் தடிப்பா இருந்தா அது விஷத்தை நம்பிப் பிழைக்கிற தேள். இடுக்கி தடிச்சு, வால் மெலிஞ்சிருந்தா இரையை நசுக்கிப் பிழைக்கிறது. பொதுவான அடையாளம்தான், ஆனா நம்ம பக்கத்துக்கு ஒத்துவரும்.

இங்கதான் ஜனங்க தலைகீழா நினைக்குறாங்க. நட்டுவாக்காலியைப் பார்த்தா அலறி ஓடுறாங்க. விரல் நீளச் செந்தேள் கொட்டினா, சின்னதுதானேன்னு சுண்ணாம்பைத் தடவிட்டுப் படுத்துக்குறாங்க. பெருசு கொட்டினா வலி அதிகம், உயிர் போறது அபூர்வம். செந்தேள் விஷமோ இதயத்தைத் தாக்கும், நுரையீரல்ல நீர் கோக்கும். பிள்ளைங்களுக்கு இன்னும் ஆபத்து.

மகாராஷ்டிரத்துல மகாட் பக்கம் ஹிம்மத்ராவ் பவஸ்கர்னு ஒரு டாக்டர், செந்தேள் கொட்டிச் செத்த கிராமத்து ஜனங்களைப் பார்த்துப் பார்த்து, ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்குற பிரசோசின் மாத்திரை இதுக்கும் கேட்கும்னு காட்டினார். அதனால பிழைச்சவங்க ஏராளம். 2022-ல அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தாங்க.

கொட்டின பிள்ளைக்கு உடம்பு வேர்த்து, வாந்தி வந்து, கை கால் சில்லிட்டுச்சுன்னா மந்திரிக்கிறேன்னு நேரம் போக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. அடிச்ச தேளைக் கையால தொடாம ஒரு டப்பாவுல தள்ளி எடுத்துட்டுப் போனா டாக்டருக்கும் உதவும். ஆனா தேளைத் தேடிக்கிட்டு நேரத்தை விடாதீங்க.