கடலுக்குப் போன பெட்டி, கோயிலில் தங்கிய பெட்டி

இன்னைக்கு ஒரு பெட்டியின் வரலாறு. நகைப் பெட்டி இல்லை, பணப் பெட்டியும் இல்லை. எழுதுறதுக்கான பெட்டி. ஜப்பானில் இதுக்குப் பேர் சுசுரிபாகோ. மூடியைத் திறந்தால் உள்ளே மை இழைக்க ஒரு கல், தண்ணீர் சொட்டுவதற்கு ஒரு சின்னக் குப்பி, மைக்கட்டி, தூரிகைகள். கல்லில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, மைக்கட்டியை மெதுவா இழைக்கணும். நம்ம வீட்டுல சந்தனம் இழைப்பாங்களே, கிட்டத்தட்ட அதே வேலை. அப்புறம்தான் எழுத்து.

இந்தப் பெட்டிகளை 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பிய, அமெரிக்கப் பணக்காரர்கள் தேடித் தேடி வாங்கினாங்க. இன்னைக்கும் வாங்குறாங்க. என்னைக் குடையுற கேள்வி இதுதான்: அவங்க இதையெல்லாம் காப்பாத்தினாங்களா, இல்லை வாரிக்கிட்டுப் போனாங்களா?

முதலில் பெட்டியைப் புரிஞ்சுக்குவோம். மேலே இருக்கும் அந்தக் கண்ணாடி மாதிரியான கறுப்புப் பூச்சை ஆங்கிலத்தில் 'லேக்கர்' என்கிறார்கள். அந்தச் சொல்லின் வேர் நம்ம ஊர்ப் பக்கம்தான்: 'லாக்ஷா', அதாவது அரக்கு. ஆனால் பொருள் வேறு. அரக்கு பூச்சி சுரப்பது. ஜப்பானியர்களின் உருஷியோ மரத்திலிருந்து வடிவது. மாமரம், முந்திரி எல்லாம் அந்த மரத்துக்குச் சொந்தக்காரங்க. மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணாகியிருக்கா? முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுத் தோல் வெந்து போனவங்களைப் பார்த்திருக்கீங்களா? உருஷியின் பாலும் தோலை அப்படித்தான் அரிச்சுக் கொப்புளமாக்கும். அதோடு பழகித்தான் கைவினைஞர்கள் வேலை செய்தார்கள்.

ஒரு மரம் பால் வடிக்கும் அளவுக்கு வளரப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். ஒரு பருவத்தில் சுமார் 200 கிராம் கிடைக்கும். பிறகு மரத்தை வெட்டிவிடுவார்கள். இந்தப் பால் பெயின்ட் மாதிரி வெயிலில் காயாது. காற்றில் ஈரம் இருந்தால்தான் இறுகும். மெல்லிசா ஒரு பூச்சு, ஈரமான அலமாரியில் வைத்து இறுக விடுவது, தேய்ப்பது, மறுபடி பூச்சு. இப்படியே மாதக்கணக்கில் போகும். ஈரம் காயுமுன் அதன் மேல் தங்கப் பொடி தூவிப் படம் வரைவதற்கு 'மாகி-எ' என்று பெயர். தூவிய ஓவியம் என்று அர்த்தம்.

இதில் உச்சம் தொட்டவர்களில் ரெண்டு பேரைச் சொல்றேன். ஒருத்தர் ஹோனாமி கோயெட்சு (1558–1637). அவர் செய்த பெட்டியின் மூடி குன்று மாதிரி உப்பியிருக்கும். தங்கப் பரப்பில் படகுகள், குறுக்கே கனமான ஈயப் பட்டை. மேலே ஒரு பழைய கவிதையின் எழுத்துகள் வெள்ளியில். ஆனால் 'படகுப் பாலம்' என்ற சொல் மட்டும் அதில் இருக்காது. படகுகளும் அந்த ஈயப் பட்டையும்தான் அந்தச் சொல். பார்த்து வாசிக்கணும்! இன்னொருத்தர் ஒகாட்டா கோரின் (1658–1716). அவர் பெட்டியில் சிப்பியில் பூக்கள், ஈயத்தில் பாலம். பெட்டியின் எல்லாப் பக்கமும் அந்தப் பாலம் சுற்றி ஓடும். ரெண்டுமே இப்போ டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில், தேசியப் பொக்கிஷங்களாக இருக்கின்றன.

சரி, மற்ற பெட்டிகள் எப்படி வெளியே போயின? ஐரோப்பாவுக்கு இந்தப் பூச்சுவேலை மேல் மோகம் பழசு. பிரெஞ்சு ராணி மரி ஆன்துவானெத்துக்கு 1780இல் அம்மா விட்டுச் சென்ற சொத்தில் 50 ஜப்பானியப் பெட்டிகள் இருந்தன. 1789இல் புரட்சி வந்து அரண்மனையை விட்டுப் போக வேண்டி வந்ததும், ராணி அந்தச் சேகரிப்பை ஒரு வியாபாரியிடம் பத்திரப்படுத்தச் சொன்னார். ராணி பிழைக்கவில்லை. பெட்டிகளில் பல இன்றும் பிரெஞ்சு மியூசியங்களில் இருக்கின்றன.

ஆனா பெரிய அலை அடித்தது 1868க்குப் பிறகுதான். ஜப்பானில் ஷோகுன் ஆட்சி விழுந்தது. 1876இல் சாமுராய்களுக்கு வாள் அணியத் தடை வந்தது. பரம்பரை மானியமும் முடிவுக்கு வந்தது. தலைமுறை தலைமுறையா வீட்டில் இருந்த சாமான்கள் சந்தைக்கு வந்தன. பாரிஸில் ஹயாஷி தாதாமாசா போன்ற வியாபாரிகள் கடை விரித்தார்கள். திருட்டு நடந்தது என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் மானியம் போன குடும்பம் விற்கும்போது விலையைத் தீர்மானிப்பது யார்? வாங்குறவன்தான்.

இப்போ கதையின் நடுப்புள்ளிக்கு வர்றேன். காமகுராவில் சுருகாஓகா ஹாச்சிமான் கோயில். அங்கே ஒரே வடிவத்தில் ரெண்டு பெட்டிகள் இருந்தன, வேலியோரச் செவ்வந்திப் பூக்களைச் சிப்பியில் பதித்தவை. ஒன்று எழுதுபெட்டி. மற்றது அலங்காரச் சாமான் பெட்டி. ஷோகுன் யோரிடோமோவின் மனைவி ஹோஜோ மாசாகோ வைத்திருந்தது என்பது மரபு. 1873இல் வியன்னா உலகக் கண்காட்சிக்குப் புதிய அரசு நாட்டின் பெருமைகளை அனுப்பியபோது, மாசாகோவின் பெட்டியும் போனது. திரும்பி வரும் வழியில், 1874 மார்ச்சில், 'நீல்' என்ற பிரெஞ்சுக் கப்பல் இசு தீபகற்பத்துக்கு அருகே மூழ்கியது. பெட்டியும் கடலுக்குப் போனது. ஊரிலேயே தங்கிய எழுதுபெட்டி இன்று தேசியப் பொக்கிஷம். ஜோடியில் மிச்சம் அது மட்டும்தான்.

இதில் ஒரு ஆச்சரியம் உண்டு. மூழ்கிய சரக்கில் ஒரு பகுதியை ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து வெளியே எடுத்தார்கள். உப்புத் தண்ணீரில் அத்தனை நாள் கிடந்த உருஷிப் பொருள்கள் சில, பெரிய சேதமில்லாமல் வந்தன. கடலைத் தாங்கும் அதே பூச்சு, வெயில் படும் ஒரு கண்ணாடி அலமாரியைத் தாங்காது. வெளிச்சம் அதன் பளபளப்பைத் தின்றுவிடும். ஹீட்டர் போட்ட வறண்ட அறையில் உள்ளே இருக்கும் மரம் சுருங்கும், மேல்பூச்சு வெடிக்கும். ஆசையா வாங்கி, ஊரே பார்க்கட்டும் என்று வரவேற்பறையில் வைத்த கலெக்டர்கள், பெட்டியை அப்படித்தான் கெடுத்தார்கள்.

அதனால என் பதில் இது: மாசாகோவின் பெட்டியை இழந்ததற்குக் கலெக்டர் மேல் பழி போட முடியாது. அனுப்பியது சொந்த அரசு. அதே வியன்னாவுக்கு அமெரிக்கா சார்பில் வந்த வில்லியம் வால்டர்ஸ் வாங்கத் தொடங்கிய ஆசியப் பொருள்களோ, பால்டிமோர் மியூசியத்தில் பொதுச்சொத்தாகிவிட்டன. ஆனால் வாங்கினாலே காப்பாத்தினதா ஆகாது. கோயில்களின் பழம்பொருள்களைக் காக்க ஜப்பானில் சட்டம் வந்தது 1897இல். அதுக்குள்ள வெளியே போன பெட்டிகள் எந்தக் குடும்பத்துக்கு எழுதப் பயன்பட்டன என்ற கதை, பல பெட்டிகளோடு கூடப் போகவில்லை. கல் இல்லாத, குப்பி இல்லாத பெட்டிகள் சந்தையில் சாதாரணம். மூடியின் தங்கத்துக்குத்தான் காசு. ஏழைக் கல்லுக்கு யார் தருவாங்க?

நீங்க எப்போவாவது ஒரு மியூசியத்தில் சுசுரிபாகோவைப் பார்த்தால், மூடியைப் பார்த்துட்டு நகர்ந்துடாதீங்க. உள்ளே கல் இருக்கான்னு பாருங்க. அதன் நடுவில் லேசா ஒரு குழி விழுந்திருந்தால், அங்கே யாரோ பல வருஷம் மை இழைத்திருக்கிறார்கள். அந்தக் குழியோடு சேர்த்து வைத்திருப்பவரைத்தான் நான் நல்ல கலெக்டர் என்பேன்.