அமிலமான ரத்தம்: மரக்காணம் 2023

திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போறவங்க, விக்கிரவாண்டிக்கு அப்புறம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைப் பார்த்திருப்பீங்க. 2023 மே மாசம், மரக்காணம் பக்கத்துல இருக்குற எக்கியார்குப்பத்திலிருந்து அங்கே ஆட்களைக் கொண்டுவந்தாங்க. மே 13 அன்னிக்கு அவங்க சாராயம்னு நினைச்சுக் குடிச்சது, ஆலைகள்ல பயன்படுத்துற மெத்தனால். விழுப்புரம், செங்கல்பட்டு ரெண்டு மாவட்டத்திலும் சேர்த்து 20 பேருக்கு மேல இறந்தாங்க.

குடிச்ச உடனே பெருசா எதுவும் தெரியாது. கல்லீரல் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடா, அப்புறம் ஃபார்மிக் அமிலமா மாத்தும். மாமரத்து முசுறு கடிச்சா எரியுமே, அந்த அமிலம். இதுக்கு அரை நாள், சிலருக்கு ஒரு நாளே ஆகலாம். அந்த இடைவெளியில, 'போதை தெளியட்டும், தூங்கட்டும்'னு வீட்ல விட்டா, நேரம் போயிடும். பார்வை மங்கும், மூச்சு இறைக்கும்.

ரத்தத்தோட பிஎச் 7.35-லிருந்து 7.45 வரைதான் இருக்கணும். இந்த அளவுகோலை 1909-ல உருவாக்கினவர் டென்மார்க்கின் சோரன்சன். அவர் வேலை பார்த்தது கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியோட ஆய்வகத்துல! 7.4 வெறும் 7.1 ஆனாலே அமிலத்தன்மை இரண்டு மடங்கு. என் வேலையில 0.3 வித்தியாசத்தை ரவுண்ட் பண்ணிட்டுப் போயிடுவேன். இங்க அப்படி முடியாது.

நோய் எதிர்ப்பும் இதுல அடிவாங்கும். அமிலச் சூழல்ல வெள்ளையணுக்கள் கிருமியை நோக்கி நகர்றதும் அதைக் கொல்றதும் மந்தமாகும். விஷத்திலிருந்து தப்பி வென்டிலேட்டர்ல கிடக்கிறவருக்கு, அடுத்த ஆபத்து நுரையீரல் தொற்றுதான்.

இதே ரத்தப் பரிசோதனையைப் பச்சைக்குழந்தைக்கும் செய்வாங்க. பிரசவத்துல ஆக்சிஜன் குறைஞ்சா லாக்டிக் அமிலம் சேரும். தொப்புள்கொடி ரத்தத்துல பிஎச் 7-க்குக் கீழே போனா டாக்டர்கள் பதறுவாங்க. பெரியவங்க எலும்பு மஜ்ஜையில வெள்ளையணுக்கள் நிறைய இருப்பு இருக்கும், குழந்தைக்கு அது கொஞ்சம்தான். தொற்று வந்தா சீக்கிரம் தீர்ந்துடும். அந்தத் தொற்றே மறுபடி அமிலத்தை ஏத்தும். சரி, சோடா உப்பு மருந்தை ஏத்திட்டா போச்சேன்னு தோணும். குழந்தைக்கு வேகமா ஏத்தினா மூளையில ரத்தக்கசிவு வரலாம். அதனால மூச்சையும் ரத்த ஓட்டத்தையும்தான் முதல்ல சரி பண்ணுவாங்க.

மெத்தனாலுக்கு டயாலிசிஸ் உண்டு, கல்லீரலோட அந்த மாற்றத்தைத் தடுக்குற ஃபோமெபிசோல் மருந்தும் உண்டு. சீக்கிரம் வந்து சேரணும், அவ்வளவுதான்.

13 மாசம் கழிச்சு, 2024 ஜூன்ல, கள்ளக்குறிச்சி கருணாபுரம். 2019 வரை அதுவும் விழுப்புரம் மாவட்டம்தான். இந்தத் தடவை 60 பேருக்கு மேல. முண்டியம்பாக்கத்துக்கு மறுபடியும் ஆம்புலன்ஸ்கள் வந்தன.