ஆறவைத்த களி

கறுப்பாகவும் ஹாப்ஸ் மணம் தூக்கலாகவும் ஒரு ஏல் காய்ச்ச வேண்டும் என்றால், முதலில் ஒரு சண்டையைத் தீர்த்துவைக்க வேண்டும். வறுத்த மால்ட்டும் கசக்கும், ஹாப்ஸும் கசக்கும். இரண்டையும் தாராளமாகப் போட்டால் கருகிய காப்பிக்கொட்டையை வேப்பங்கொழுந்தோடு சேர்த்து மென்ற மாதிரி இருக்கும். சியாட்டிலில் வேலை பார்த்த நாட்களில் நான் காய்ச்சிய முதல் 20 லிட்டர் அப்படித்தான் சாக்கடைக்குப் போனது. அடுத்த முறை 5 கிலோ வெளிர் பார்லி மால்ட்டுக்கு 250 கிராம் கறுப்பு மால்ட், அதுவும் உமி நீக்கி வறுத்தது. கொதி தொடங்கும்போது கசப்புக்காகக் கொஞ்சம் சினூக், கடைசிப் பத்து நிமிடத்தில் மணத்துக்காக நிறைய கேஸ்கேட். நிறம் வந்தது, கருகல் வரவில்லை.

ஹாப்ஸின் கசப்பு வெறும் ருசிக்காக மட்டும் வந்ததில்லை. பியரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாவை அது தடுக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனின் போ மதுவாலையிலிருந்து ஜார்ஜ் ஹாட்ஜ்சன் இந்தியாவுக்கு ஏல் அனுப்பினார். ஆப்பிரிக்காவைச் சுற்றி, மாதக்கணக்கில் வெயிலில் வரும் கப்பல். அதனால் வெப்ப நாடுகளுக்குப் போகும் பீப்பாய்களில் ஹாப்ஸைக் கூட்டிப் போட்டார்கள். கறுத்த போர்ட்டரும் கப்பலேறியது. 1817இல் டேனியல் வீலர் உருளையில் வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, கொஞ்சம் மால்ட்டிலேயே கறுப்பு நிறம் கிடைத்தது. மதராசில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும். சரக்கெல்லாம் மசூலா படகில் அலை தாண்டிக் கரைக்கு வரும். ஹாப்ஸின் கசப்பு, ஒருவகையில், தூரத்தின் ருசி.

அந்தக் கொடி நம் கரையில் விளையாது. நன்றாக விளைய அதற்கு நீண்ட கோடைப் பகல் வேண்டும். செங்கல்பட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. அப்படியென்றால் இங்கே தானியத்திலிருந்து பியர் என்று ஒன்று இருந்ததே இல்லையா? பனங்கள், தென்னங்கள், அவ்வளவுதானா?

இருந்தது. செய்முறையோடு இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், காஞ்சிக்குப் போகிற வழியில் வலைஞர் குடியிருப்பு வருகிறது. அங்கே பாணனுக்குச் சுட்ட மீனோடு ஒரு பானம் கிடைக்கும். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவைத்து, அதில் முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு விட்டு, சாடியில் முற்றவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்தது. முளை என்று பொருள் சொல்பவர் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். அவர் உரையோடு பத்துப்பாட்டை 1889இல் உ.வே.சா. பதிப்பித்தார். முளைவிட்ட தானியம்தானே மால்ட்? புற்றுக்குள் இருக்கும் குரும்பியை அதற்கு உவமை சொல்கிறார் புலவர். வேர்கள் பின்னி அடை அடையாக ஒட்டிக்கொண்ட முளைத் தானியத்தைக் கையில் எடுத்தவர்களுக்கு அந்த உவமை சட்டென்று புரியும்.

என்னை நிறுத்திய இடம் வேறு. ஏன் ஆறவைத்தார்கள்? மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் முளையில் இருக்கின்றன. 65 பாகையை ஒட்டி அவை சுறுசுறுப்பாக வேலை செய்யும். 80ஐத் தாண்டினால் சீக்கிரமே செத்துப்போகும். கொதிக்கும் களியில் முளைமாவைக் கொட்டியிருந்தால் எதுவும் நடந்திருக்காது. தெர்மாமீட்டர் இல்லாமல் அந்த வரிசையைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

ஹாப்ஸ் இல்லை. தேவையும் இல்லை. இரண்டு நாளில் தயாராகி, காய்ச்சிய வாசலிலேயே குடித்துத் தீர்க்கிற பானம் எதற்காகக் காலத்தோடு போராட வேண்டும்?

இந்த முறையை நானே செய்து பார்க்கலாம் என்றால், செங்கல்பட்டில் முடியாது. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் காய்ச்சுவது குற்றம். 1987 முதல் கள்ளுக்கும் தடை. குடி அழித்த வீடுகளை நானும் பார்த்தவன், சட்டத்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு முளை, எந்தச் சூட்டில் கலப்பது என்பதெல்லாம் கைக்குத்தான் தெரியும். கை மறந்துவிட்டால் பாட்டும் உரையும் மட்டும்தான் மிஞ்சும்.

அதே பாட்டில் கொஞ்சம் தள்ளி நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் வருகிறது. அது மாமல்லபுரம் என்பார்கள் சிலர், பாலாற்று முகத்துவாரத்தில் இருக்கும் வசவசமுத்திரம் என்பார்கள் சிலர். கள் காய்ச்சும் பெண்கள் பாத்திரம் கழுவிய நீர் அங்கே வழிந்து சேறாகிக் கிடக்கிறது, பன்றிக்குட்டிகள் அதில் புரள்கின்றன. வீட்டில் பியர் காய்ச்சிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: காய்ச்சுவது கொஞ்ச நேரம்தான், மீதியெல்லாம் பாத்திரம் கழுவுவது. ஈசிஆரில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது அந்தக் கழுநீர்தான்.