பெயர்ப்பலகை இல்லாத தலைவர்

ஒரு நிறுவனத்தின் தலைவர் யாரென்று எவரேனும் வினவினால், அறை வாயிலில் உள்ள பெயர்ப்பலகையை நாம் சுட்டிக்காட்டுகிறோம். பதவியையும் தலைமையையும் ஒன்றெனக் கொள்வது நம் பழக்கம். நிர்வாகம் பற்றிய நூல்களோ ஆணையிடும் தலைமை, கலந்து பேசும் தலைமை என இரண்டாகப் பிரித்துரைக்கின்றன. இப்பிரிவு தவறன்று. எனினும், கலந்து பேசும் தலைவரும் தாம் விரும்பும்போதுதான் கலந்து பேசுகிறார். விரும்பாதபோது கதவை அடைத்துக்கொள்கிறார். அக்கதவின் திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. இக்கேள்விக்கு விடை தேடிய ஓர் ஊரின் வரலாற்றை இங்கே நினைவுகூர்வோம்.

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில், பாஸ்க் மக்கள் வாழும் மலைப்பகுதியில், மொந்த்ராகோன் என்னும் சிற்றூர் உள்ளது. 1941-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இளம் குரு ஒருவர் அவ்வூருக்கு உதவிப் பங்குத்தந்தையாக வந்து சேர்ந்தார். ஹோசே மரியா அரிஸ்மெந்தியரியெட்டா என்பது அவர் பெயர். 1915-இல் பிறந்த அவர், சிறுவயதில் ஒரு விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். உள்நாட்டுப் போரின்போது பாஸ்க் மொழி நாளேட்டில் பணியாற்றியமையால் சிறைப்பட்டு, உயிர் தப்பியவர். சொல்வன்மை மிக்கவர் அல்லர். அவருடைய மறையுரைகளைப் பின்தொடர்வது கடினம் என்று பங்கு மக்களே குறைகூறினர்.

அவ்வூரின் வாழ்வு ஒரு பெரிய பூட்டுத் தொழிற்சாலையைச் சார்ந்திருந்தது. அத்தொழிற்சாலை ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியை நடத்தியபோதிலும், அங்கே இடம் பெற்றோர் சிலரே. அதன் வாயிலை ஊரார் அனைவருக்கும் திறக்குமாறு அருட்தந்தை கேட்டார், நிர்வாகம் இணங்கவில்லை. அவர் சினந்து மேடையேறவில்லை. ஊர்மக்களிடமே உதவி கேட்டார். தெருமுனைகளில் பெட்டிகள் வைக்கப்பட்டன. பொருள் தர இயன்றோர் பொருளும், உழைப்புத் தர இயன்றோர் உழைப்பும் உறுதி கூறி எழுதிப் போட்டனர். 1943-இல் இருபது மாணவர்களுடன் தொழிற்பள்ளி தொடங்கிற்று.

அப்பள்ளியில் பயின்றவர்களில் சிலர், பூட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே தொழில்நுட்பப் பட்டமும் பெற்றனர். தொழிலாளரும் நிறுவனத்தின் மூலதனத்தில் பங்குபெற வேண்டும் என்று அவர்கள் உள்ளிருந்தே முயன்றனர். அம்முயற்சி பலிக்கவில்லை. எனவே ஐவர் வேலையைத் துறந்து வெளியேறினர். 1956-இல் மொந்த்ராகோனில் மண்ணெண்ணெய் அடுப்புகள் செய்யும் பட்டறையொன்றை அவர்கள் நிறுவினர். அதற்கு இட்ட ‘உல்கோர்’ என்னும் பெயர், அவ்வைவரின் பெயர்களினின்று எடுத்த எழுத்துகளால் ஆனது. அவர்களுக்கு வழிகாட்டிய குருவின் பெயருக்கு அதில் இடமில்லை.

அவர்கள் வகுத்த ஒழுங்குமுறை சிந்தனைக்குரியது. உறுப்பினர் ஒவ்வொருவரும் மூலதனம் இட வேண்டும்; ஆனால் இட்ட தொகை எவ்வளவாயினும் வாக்கு ஒன்றே. பொதுப்பேரவை ஆட்சிக்குழுவைத் தேர்ந்தெடுக்கும்; ஆட்சிக்குழு மேலாளரை நியமிக்கும். மிகக் குறைந்த ஊதியத்தைப் போல் மும்மடங்குக்கு மேல் எவருக்கும் ஊதியம் இல்லை. மேலாளர் ஆணையிடுவார், தொழிலாளர் கீழ்ப்படிவர். ஆனால் அவருடைய அதிகாரத்தின் ஊற்று அத்தொழிலாளரின் வாக்கே. திறவுகோல் கைமாறிற்று என்றே கொள்ளலாம்.

1959-இல், கூட்டுறவுகளுக்கென ஒரு சேமிப்பு வங்கி வேண்டும் என்று அருட்தந்தை வலியுறுத்தினார். தொழிற்சாலை நடத்துவதே பெரும்பாடாயிருக்க, வங்கி எதற்கு என்று இளைஞர்கள் தயங்கினர். அவர் விடவில்லை. ‘சேமிப்புப் புத்தகமா, பயணப் பெட்டியா?’ என்பதே வங்கி மக்கள்முன் வைத்த முழக்கமாயிற்று. சேமித்து ஊரிலேயே தொழில் வளர்ப்பதா, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிழைப்புத் தேடி அயலூர் போவதா என்பது அதன் பொருள். அவ்வங்கியின் துணையால் புதிய கூட்டுறவுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவற்றில் எதற்கும் அவர் மேலாளராகவில்லை. ஆலோசகராகவே இருந்து, மிதிவண்டியில் ஊரைச் சுற்றிவந்தார்.

இதோடு நிறுத்திக்கொண்டால் இது புண்ணியக் கதையாகிவிடும், வரலாறாகாது. 1974-இல் சோதனை வந்தது. அதற்குள் உல்கோர் ஏறத்தாழ 3,500 பேர் உழைக்கும் பெருநிறுவனமாக வளர்ந்திருந்தது. வேலைகளை மதிப்பிட்டுத் தரம் பிரிக்கும் புதிய முறையால் தம் தரம் தாழ்ந்தது என்று கருதிய தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். உரிமையாளரே உரிமையாளரை எதிர்த்து எவ்வாறு வேலைநிறுத்தம் செய்வது? விதிகள் அதற்கு இடந்தரவில்லை. முன்னின்ற 17 பேர் நீக்கப்பட்டனர். பொதுப்பேரவையும் அதனை உறுதிசெய்தது. ஆண்டுகள் சில கழிந்தபின் அப்பேரவையே அவர்கள் திரும்பிவர வழிவிட்டது.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது என்ன? வாக்குச்சீட்டு கையில் இருந்தாலும், நாள்தோறும் இயந்திரத்தின்முன் நிற்பவருக்கும் மேசையின்முன் அமர்பவருக்கும் இடையிலுள்ள தொலைவு தானாகக் குறைவதில்லை. ஆண்டுக்கொருமுறை கூடும் பேரவை, அன்றாடக் குறைகளைக் கேட்கும் செவியாகிவிடாது. மொந்த்ராகோன் மக்கள் இதனை உணர்ந்தனர். தொழிலாளரின் குரலை எடுத்துச்சொல்லும் குழுக்களின் பணி மறுபடியும் ஆராயப்பட்டது. மனிதர் ஒருவரையொருவர் அறிய இயலாத அளவுக்கு ஒரு நிறுவனம் வளரலாகாது என்ற எண்ணமும் வலுப்பெற்றது.

அருட்தந்தை 1976 நவம்பரில் மறைந்தார். அவர் ஏற்றிய சுடர் அணையவில்லை. ஆயினும் காற்று ஓயவுமில்லை. உல்கோரின் வழிவந்த வீட்டு உபயோகப் பொருள் நிறுவனமாகிய ஃபாகோர், பிற நாடுகளிலும் தொழிற்சாலைகளை வாங்கி விரிந்து, கடன் சுமையால் 2013-இல் நொடித்துப்போனது. சகோதரக் கூட்டுறவுகள் அதன் உறுப்பினருள் பலருக்கு வேலை கொடுத்துத் தாங்கின. ஆயினும் பலர் தாம் இட்ட பொருளை இழந்தனர். பிரான்சிலும் போலந்திலும் அந்நிறுவனத்திற்காக உழைத்தோர் உறுப்பினரே அல்லர். அவர்களுக்கு வாக்கும் இருக்கவில்லை, புகலிடமும் இருக்கவில்லை. தன் ஊரில் கைமாறிய திறவுகோலை அயலூரில் மறுபடியும் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டது அந்நிறுவனம். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அருட்தந்தை ஹோசே மரியாவை வணக்கத்திற்குரியவராக ஏற்றபோது, அப்புகழோடு இக்கேள்வியும் சேர்ந்தே நின்றது.

நாமும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் சங்கங்களையும் நடத்துகிறோம். குழுக்கள் நமக்கும் உண்டு. கூட்டக் குறிப்பேடுகளும் உண்டு. நல்லவர் ஒருவர் பொறுப்பில் இருக்கும்வரை எல்லாம் நன்றாகவே நடைபெறுகின்றன. அவர் மாறியதும் குழப்பம் வந்துவிடுகிறது. நல்லவரை நாம் தேடினோமேயன்றி, நல்லவர் இல்லாதபோதும் நிலைக்கும் ஒழுங்கைத் தேடவில்லை. மொந்த்ராகோனின் உதவிப் பங்குத்தந்தை அதனைத் தேடினார். தாம் இல்லாமலே நடக்கத்தக்கதாக ஒன்றைக் கட்டினார். அதில் தவறு செய்யும் உரிமையையும் பிறர்க்கே விட்டுச்சென்றார்.

அடுத்த கூட்டத்தில் நாம் தலைமையிருக்கையில் அமரும்போது, வாய் திறவாமல் இருப்பவர் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். அவர் ‘இல்லை’ என்று சொன்னால், அச்சொல் நம் முடிவை மாற்ற வழியுண்டா? அவ்வழி நம் நல்லெண்ணத்தில் மட்டுமே இருந்தால், கதவு இன்னும் பூட்டியே இருக்கிறது.